கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திருடு போய்விட்டதா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாள் ராத்திரி என் காரின் அடியிலிருந்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைச் சரிசெய்த கதையை நாலு பேரிடம் சொல்லப்போய், இதே கஷ்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள். கார் நாளைக்கே வேண்டும் என்ற பதற்றத்தில் கையில் கிடைத்த பாகத்தை மாட்டிவிட்டு, ஆறே மாதத்தில் மறுபடி செலவு செய்தவர்கள் அவர்களில் பலர். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர்னு ஒண்ணு என் கார்ல இருந்ததே, திருடு போன அப்புறம்தான் தெரிஞ்சுது. அது என்ன வேலை செய்யுது?

என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, புகைக்குழாயில் ஒரு எஃகுக் கூடு இருக்கும். அதற்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. பல கார்களில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 சன்னமான துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியதும் பூச்சு வேலையைத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகும். நாம் மூச்சுவிடும் காற்றுக்கு இது செய்யும் உபகாரம் பெரியது.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த யூஜீன் ஹூட்ரி என்ற பொறியாளர் 1950களில் இதை உருவாக்கினார். அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் அந்தப் பூச்சை மூடிக் கெடுத்துவிடும் என்பதால், கருவி இருந்தும் காரில் மாட்ட முடியவில்லை. ஈயமில்லாத பெட்ரோல் வந்த பிறகு, 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் அமெரிக்கக் கார்களில் இது பரவலாயிற்று.

இரும்பு டப்பாதானே, அதைப் போய் ஏன் திருடுறாங்க?

டப்பாவுக்காக யாரும் திருடுவதில்லை, உள்ளே இருக்கும் அந்த மூன்று உலோகங்களுக்காகத்தான். ஒரு கன்வெர்ட்டரில் மொத்தமாகச் சேர்த்தாலும் சில கிராம்தான் தேறும். ஆனால் ரோடியம் உலகத்திலேயே மிக அரிதான உலோகங்களில் ஒன்று. பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினச் சுரங்கங்களில் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. 2021இல் அதன் விலை தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலே போனது. திருட்டு பல நாடுகளில் பெருகியதும் அந்தச் சமயத்தில்தான். பிறகு விலை நன்றாக இறங்கியும் திருட்டு நிற்கவில்லை.

இன்னொரு காரணம், எடுப்பது சுலபம். பேட்டரியில் ஓடும் ஒரு வாள், ஒரு ஜாக் இருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கதவைத் திறக்கவோ கண்ணாடியை உடைக்கவோ தேவையில்லை.

என் கார் பழசு. என் காரைப் போய் ஏன் தேர்ந்தெடுத்தாங்க?

பழசாக இருப்பது திருடனுக்கு ஒரு குறையே இல்லை. தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டிகளில் ஜாக்கே வேண்டாம், படுத்து நுழைந்துவிடலாம். பெட்ரோல் என்ஜின், மின்மோட்டார் இரண்டிலும் ஓடும் ஹைபிரிட் கார்களைத் தேடிப் போகிறார்கள். 2004 முதல் 2009 வரை வந்த டொயோட்டா பிரியஸ் அதற்குப் பேர்போனது. ஹைபிரிடில் பெட்ரோல் என்ஜின் விட்டு விட்டு ஓடுவதால் பூச்சின் தேய்மானமும் குறைவு.

கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பல புதிய கார்களில் அது என்ஜினோடு ஒட்டி, பானெட்டுக்குள் இருக்கும். அதை ரோட்டில் வைத்து எடுப்பது கடினம். வண்டியின் வயிற்றுப் பகுதியில் நீளக் குழாயோடு தொங்கும் வகைதான் அறுபடுகிறது.

காலையில ஸ்டார்ட் பண்ணேன், டிராக்டர் மாதிரி சத்தம். கன்வெர்ட்டர்தான் போச்சுன்னு எப்படி உறுதி பண்றது?

முதலில் என்ஜினை அணைத்துவிடுங்கள். பிறகு கார் நிற்கும் இடத்திலேயே குனிந்து, ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால், குழாய் ஓடவேண்டிய இடத்தில் ஒரு இடைவெளியும், இரண்டு பக்கமும் பளபளவென்று புதிதாக அறுத்த முனைகளும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தரையில் இரும்புத்தூள் கிடக்கும். சில சமயம் ஒரு ஒயர் வெட்டுப்பட்டுத் தொங்கும்.

முனைகள் துருப்பிடித்து, கரடுமுரடாக இருந்தால் அது திருட்டாக இல்லாமலும் இருக்கலாம். குழாய் அரித்து உடைந்தாலும், குழாய் இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போனாலும் இதே சத்தம்தான் வரும். போலீசுக்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல்ல யார்கிட்ட போகணும்? மெக்கானிக்கா, போலீஸா?

முதலில் உங்கள் கேமரா. எதையும் தொடாமல் அறுத்த முனைகள், தொங்கும் ஒயர், தரையில் கிடப்பது, வண்டி நிற்கும் இடம், கிலோமீட்டர் மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அப்புறம் போலீஸ் புகார், அதன் எண். அப்புறம் இன்சூரன்ஸ். வேலையைத் தொடங்கச் சொல்லுமுன் இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியைப் பார்க்கவேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அவசரத்தில் பழுதைச் சரிசெய்துவிட்டு, பிறகு பணம் கேட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நபருக்கு மட்டும் உரிய பாலிசி இதற்கு உதவாது. சொந்த வண்டிக்கு நேரும் திருட்டையும் சேர்த்த முழுப் பாலிசியாக இருக்கவேண்டும். மதிப்பீடு வாங்கும்போது கன்வெர்ட்டரோடு, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார், கேஸ்கெட், குழாய், வெல்டிங் கூலி எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். பின்னால் "சென்சாரும் போயிருக்கிறது" என்று சொன்னால் அதை அதே இன்சூரன்ஸ் கோரிக்கையில் சேர்ப்பது சிரமம்.

ஒர்க்‌ஷாப் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போகலாமா?

கார் ஓடும். ஆனால் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். வழக்கமாகப் புகை வண்டியின் கடைசியில் வெளியேறும். இப்போது உங்கள் இருக்கைக்கு நேர் கீழே வெளியேறுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று தெரியவரும்போது தாமதமாகியிருக்கும். குழந்தைகள் பின்சீட்டில் இருந்தால் அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அறுபட்ட முனையிலிருந்து வரும் சூடான காற்று, மேலே போகும் ஒயர்கள், எரிபொருள் குழாய், அடித்தட்டு ஆகியவற்றின்மேல் நேராக அடிக்கும். அது போக, பின்பக்கக் குழாய் பிடிமானம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டியை நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் அதை இரும்புக் கம்பியால் கட்டுங்கள். நைலான் கயிறு சூட்டில் உருகிவிடும்.

பேக் பிரஷர் இல்லாம என்ஜின் கெட்டுப்போயிடும்னு சொல்றாங்களே?

பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகைக்குக் குழாய் தரும் எதிரழுத்தம். அது இல்லாமல் ஓரிரு நாள் ஓடுவதால் என்ஜின் கெட்டுவிடாது. பயப்படவேண்டியது மேலே சொன்ன நச்சுக் காற்றுக்கும் சூட்டுக்கும்தான். ஒரே ஒரு விஷயம்: கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து போயிருந்தால், என்ஜின் பெட்ரோல் அளவைச் சரியாகக் கணிக்க முடியாமல் தாராளமாக ஊற்றும். அந்த நிலையில் நீண்ட நாள் ஓட்டினால் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும், எரிபொருளும் வீண்.

கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டினா வேலை முடிஞ்சுதா?

நான் முதலில் ஏமாந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருடன் கன்வெர்ட்டரின் ஓரத்தில் அறுப்பதில்லை. கைக்கு வசதியான இடத்தில், கூடவே ஒரு சாண் குழாயையும் சேர்த்து அறுப்பான். அந்தக் குழாயில்தான் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டான ஃபிளேஞ்ச், சில கார்களில் நெளிந்து கொடுக்கும் வலைக்குழாய், சென்சார் திருகும் துவாரம் எல்லாம் இருக்கும். அதனால் கன்வெர்ட்டர் வந்து சேர்ந்த பிறகு, அதை இணைக்க முன்னும் பின்னும் குழாயே இல்லை என்று தெரியவரும்.

பின் ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் கன்வெர்ட்டரோடு போய்விடும். போகாவிட்டாலும் ஒயர் இழுபட்டு அறுந்திருக்கும். வெப்பத் தகடு வளைந்திருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். அதை "பரவாயில்லை" என்று விட்டுவிடாதீர்கள், கார்ப்பெட்டுக்கும் எரிபொருள் குழாய்க்கும் அதுதான் காவல். குழாயைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். வாள் பட்டு பிரேக் லைனிலோ எரிபொருள் லைனிலோ ஹேண்ட்பிரேக் கேபிளிலோ கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஜாக்கை எங்கே வைத்துத் தூக்கினான் என்று பாருங்கள். கண்ட இடத்தில் வைத்திருந்தால் அடித்தட்டு நசுங்கியிருக்கும், ஹைபிரிட் வண்டி என்றால் அடியில் ஓடும் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளின் உறை நசுங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தக் கேபிளை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், பயிற்சி பெற்றவர் பார்க்கட்டும்.

இந்த முழுச் சோதனையும் பாகத்தை ஆர்டர் செய்வதற்கு முன்னால் நடக்கவேண்டும்.

கம்பெனி ஒரிஜினல் ரொம்ப விலை சொல்றாங்க. வெளிக் கம்பெனி பாகம் வாங்கினா போதாதா?

விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே, பூச்சில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதில். மலிவான பாகத்தில் அது குறைவாக இருக்கும். மாட்டிய முதல் சில மாதம் நன்றாக வேலை செய்து, பிறகு திறன் இறங்கி, டேஷ்போர்டில் என்ஜின் லைட் எரியும்.

அமெரிக்க விதிகளை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். புதுக் காரோடு வரும் கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் தரவேண்டும். வெளிக் கம்பெனி பாகத்தின் செயல்திறனுக்கு அங்கே கேட்பது 25,000 மைல்தான். ஆனாலும் எல்லா வெளிப் பாகங்களும் மோசம் என்று சொல்லமாட்டேன். கார் இன்னும் மூன்று நான்கு வருடம்தான் உங்களிடம் இருக்கும் என்றால், அங்கீகாரம் பெற்ற நல்ல வெளிப் பாகம் நியாயமான தேர்வு. நீண்ட நாள் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால், அல்லது இன்சூரன்ஸ் தருகிறது என்றால், ஒரிஜினலையே கேளுங்கள்.

எதை வாங்கினாலும் உங்கள் காரின் மாடல், ஆண்டு, என்ஜின், புகைத் தரநிலை நான்கும் பொருந்தவேண்டும். ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற பாகத்தின் கூட்டில் வட்டத்துக்குள் "E" என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். கலிபோர்னியாவில் வெளிப் பாகத்துக்கு அந்த மாநிலம் தந்த அனுமதி எண் கூட்டிலேயே இருக்கவேண்டும். உங்கள் ஊரில் எந்த முத்திரை செல்லும் என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

யுனிவர்சல், டைரக்ட் ஃபிட் அப்படின்னு ரெண்டு சொல்றாங்க. எது?

டைரக்ட் ஃபிட் உங்கள் காருக்கென்றே வளைத்த குழாய், ஃபிளேஞ்ச், சென்சார் துவாரத்தோடு வரும். போல்ட் போட்டால் உட்கார்ந்துவிடும். யுனிவர்சல் என்பது வெறும் டப்பா. அதை வெட்டி, அளந்து, வெல்டிங் செய்து பொருத்தவேண்டும். அறுபட்ட இடம் தாறுமாறாக இருக்கும்போது கைதேர்ந்த வெல்டர் ஒருவர் இருந்தால் மட்டும் யுனிவர்சல். பலவற்றில் புகை போகும் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும், அதைத் திருப்பி மாட்டிவிட்டவர்களும் உண்டு.

பழைய கன்வெர்ட்டர் ஒண்ணு சல்லிசா கிடைக்குது. வாங்கலாமா?

வேண்டாம். அதன் பூச்சில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, அது வேறு யாருடைய காரிலிருந்து அறுத்ததோ. முனைகளில் வாள் பட்ட தடம் இருந்தால் அங்கிருந்து திரும்பி வந்துவிடுங்கள். நம்மைப் போல ஒருவர் அன்று காலையில் குனிந்து பார்த்து நெஞ்சு பதைத்திருப்பார்.

அந்த இடத்துல சும்மா ஒரு நேர் குழாய் போட்டுக் கொடுக்கிறேன்னு மெக்கானிக் சொல்றார்.

சத்தம் குறையும், வண்டி ஓடும், செலவும் குறைவு. அதனால்தான் பலரும் மயங்குகிறார்கள். ஆனால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துவிட்டு ஓட்டுவது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றம். புகைச் சோதனையில் தேறாது, என்ஜின் லைட் அணையாது. விபத்து என்று ஒன்று நடந்தால் வண்டியை மாற்றியமைத்ததாக இன்சூரன்ஸில் கேள்வி வரும்.

லைட்டை அணைக்க சென்சாரை ஒரு நீட்டிப்புத் துண்டில் திருகி ஏமாற்றும் வழியையும் கூடவே சொல்வார்கள். அப்படிச் செய்தால் உண்மையான கோளாறு வரும்போதும் லைட் வாயைத் திறக்காது. அந்தப் புகையை மூச்சில் வாங்கப்போவது நம் தெருவில் நடக்கும் பிள்ளைகள்தான். பாகம் வர ஒரு மாதம் ஆகும் என்றாலும் பொறுத்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நானே மாட்டலாமா?

டைரக்ட் ஃபிட் பாகம், இரண்டு பக்கமும் ஃபிளேஞ்ச் மிச்சம் இருக்கிறது என்றால் செய்யலாம். முதல் விதி, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சமதளமான தரை, சக்கரத்துக்குக் கட்டை, எடை தாங்கும் ஸ்டாண்டுகள். இரண்டாவது, குழாய் முழுக்க ஆறியிருக்கவேண்டும். மூன்றாவது ஹைபிரிட்காரர்களுக்கு: வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் தூர வைத்துவிட்டு வாருங்கள். ஹைபிரிடில் என்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகும் என்பதை மறந்துவிடக்கூடாது.

துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து ஊறவிடுங்கள். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள், நட்டு போல்ட்டும் புதிது போடுங்கள். எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் திருகி, குழாய் எங்கும் இடிக்காமல், ரப்பர்களில் இழுவை இல்லாமல் தொங்குகிறதா என்று பார்த்த பிறகு முன்னாலிருந்து பின்னால் போய் இறுக்குங்கள். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஃபிளேஞ்ச் கோணலாக உட்கார்ந்து கசியும். கசிவை அடைக்க சிலிக்கான் பசை தடவாதீர்கள், அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். அறுத்த முனையில் பீங்கான் நார் ஒட்டியிருக்கலாம், அதனால் மூக்குக்கு முகக்கவசம் அவசியம்.

ஃபிளேஞ்சே இல்லை என்றால் வெல்டிங் வேலை. அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வெல்டிங் பண்ணணுமா, கிளாம்ப் போட்டா போதுமா?

வெல்டிங் நிரந்தரம். அகலமான எஃகுப் பட்டைக் கிளாம்பும் நன்றாகவே பிடிக்கும், பின்னாளில் கழற்றவும் வசதி. ஆனால் அறுத்த முனையை முதலில் சதுரமாக வெட்டி, பிசிறை அரம் போட்டு எடுத்திருக்கவேண்டும். கன்வெர்ட்டருக்கு முன்பக்கமாவது வெல்டிங் இருக்கட்டும் என்பது என் விருப்பம். அங்கே சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு சென்சாரின் கணக்கு தப்பிவிடும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள்.

சென்சார் தப்பிச்சுது, ஒயர் மட்டும் அறுந்திருக்கு. ஈயம் வெச்சு ஒட்டிடலாமா?

பல ஆக்சிஜன் சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகளுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாகத்தான் உள்ளே எடுக்கின்றன. ஈயம் வைத்தால் அந்த வழி அடைபடும். அழுத்தி இணைக்கும் வகைக் கனெக்டர் போடலாம். ஆனால் அறுபட்ட சென்சார் ஏற்கெனவே பல வருடம் ஓடியது என்றால், இதே வேலையில் புதிது போட்டுவிடுவது மேல். பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் மரை, 22 மில்லிமீட்டர் ஸ்பேனர். மரையில் தடவும் பசை சென்சாரின் முனையில் படக்கூடாது. புதிய சென்சாரின் மரையில் பல நேரம் கம்பெனியே தடவி அனுப்பியிருக்கும்.

புதுசு மாட்டின உடனே புகை வருது, கருகுற வாசனை வருது. பயமா இருக்கு.

கூட்டின் மேல் ஒட்டிய எண்ணெய், கைரேகை, உள்ளே பீங்கானைச் சுற்றியுள்ள மெத்தையின் பிசின் எல்லாம் முதல் சூட்டில் எரிந்து போகும். திறந்த வெளியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுங்கள். அந்த மெத்தை சூட்டில் விரிந்துதான் பீங்கானை இறுகப் பிடிக்கும். அதனால் முதல் நாளிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து விரட்டாதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேலும் புகை நிற்காவிட்டாலோ, பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வந்தாலோ என்ஜினை அணைத்து, ஏதாவது ஒயர் குழாயில் படுகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு, ஆனா என்ஜின் லைட் அணையல. புகைச் சோதனையிலயும் "தயாரா இல்லை"ன்னு வருது.

ஸ்கேனர் வைத்துப் பழைய கோளாறு எண்களை அழிக்கவேண்டும். அழித்ததும் காரின் கணினி தன் சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கன்வெர்ட்டர் சோதனை முடிய, குளிர்ந்த என்ஜினிலிருந்து ஸ்டார்ட் செய்வது, நகரத்துக்குள் ஓட்டுவது, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போவது என்று எல்லாவிதமும் கலந்து சில நாள் ஓட்டவேண்டும். அது முடியும்வரை சோதனை நிலையத்தில் அப்படித்தான் வரும்.

எண்களை அழித்த பிறகும் பி0141 மாதிரி வந்தால் பின் சென்சாரின் சூடேற்றும் சுற்று வேலை செய்யவில்லை என்று பொருள். முதலில் ஒயர் இணைப்பையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். ஒயர் அறுபடும்போது ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கும்.

எனக்கு தலைகீழ். சத்தம் இருக்கு, லைட் எரியவே இல்லை. திருடு போகலையா?

போயிருக்கலாம். பல கார்களில் இரண்டு கன்வெர்ட்டர் உண்டு, என்ஜினை ஒட்டி ஒன்று, அடியில் ஒன்று. கணினி கண்காணிப்பது பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான். இரண்டாவதை யார் எடுத்துப் போனாலும் அதற்குத் தெரியாது. லைட் எரியவில்லை என்பதால் மாட்டாமல் விடலாம் என்று நினைக்காதீர்கள். நேர் குழாயைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆறு மாசம் கழிச்சு பி0420ன்னு வருது. மறுபடி ஏமாந்துட்டேனா?

பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டதாகக் கணினி நினைக்கிறது. சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருக்கும் வி வடிவ என்ஜினில் அடுத்த வரிசைக்கு பி0430. கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், முன் சென்சாரின் அளவு மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும், பின் சென்சாரின் அளவு அமைதியாக இருக்கவேண்டும். பின்னதும் முன்னதைப் போலத் துள்ளினால் நடுவில் இருப்பது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

உடனே கன்வெர்ட்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். முதலில் வெல்டிங் இடங்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜின். ஸ்பார்க் பிளக் அல்லது அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சரியில்லாமல் பெட்ரோல் எரியாமல் வந்தால், அது கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் அதுதான் எச்சரிக்கை, ஓரமாக நிறுத்துங்கள். என்ஜின் எண்ணெய் குடித்தாலும் பூச்சு கெடும். இவை எதுவும் இல்லை, வாங்கியது மலிவான பாகம் என்றால், ஒரிஜினல் பற்றிய கேள்வியில் சொன்ன காரணமேதான். பில்லை எடுத்துக்கொண்டு உத்தரவாதத்துக்குப் போங்கள்.

புதுசு மாட்டினா மறுபடி வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்களோ?

வருவார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. வண்டி எங்கே நிற்கும், எத்தனை நிமிடம் ஆகும் என்பதெல்லாம் அவர்களுக்கு இப்போது தெரியும், புதுக் கன்வெர்ட்டர் இருப்பதும் தெரியும். அதனால் பாதுகாப்பையும் அதே நாளில், வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வருமுன் போட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது அடியில் போடும் தடித்த அலுமினியம் அல்லது எஃகுத் தகடு, இறுக்கியதும் தலை உடைந்துவிடும் போல்ட்டுகளோடு. எஃகு வடக் கூண்டும் நல்லது; வடத்தின் இழைகள் வாளில் சிக்கி நேரத்தை இழுக்கும். இரண்டுமே திருட்டைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது, நேரத்தைக் கூட்டும், சத்தத்தைக் கூட்டும். திருடனுக்கு அது போதும், அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். வண்டி சாய்ந்தால் அலறும் அலாரம் இருந்தால் ஜாக் வைத்ததுமே தெரியும். நிறுத்தும்போது புகைக்குழாய் இருக்கும் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாக. இதற்கு ஒரு செலவும் இல்லை.

கூட்டின்மேல் கம்பிகளை நேராக வெல்டிங் செய்யச் சொல்லும் ஆலோசனை ஒன்று சுற்றுகிறது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் மெத்தை கருகி பீங்கான் தளர்ந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

தகடு போட்டா சூடு அடைஞ்சு தீப்பிடிக்காதா?

கன்வெர்ட்டர் சாதாரணமாகவே 400 முதல் 800 டிகிரியில் வேலை செய்கிறது, அதனால் கேள்வி நியாயமானது. உங்கள் மாடலுக்கென்று செய்த தகடுகளில் காற்றோட்டத்துக்குத் துளைகளும் போதிய இடைவெளியும் இருக்கும். நாமே வெட்டி மாட்டும் தகட்டில்தான் ஆபத்து. காய்ந்த இலை, துணி தகட்டுக்கு மேலே சிக்கியிருக்கிறதா என்று எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் வடிக்கும் போல்ட்டை மறைக்காத தகடாகவும் பார்த்து வாங்குங்கள்.

நம்பர் பொறிச்சா என்ன பிரயோஜனம்? அறுத்த அப்புறம் கிடைக்கவா போகுது?

உங்கள் கன்வெர்ட்டர் திரும்ப வருவது அரிது, வந்தாலும் மறுபடி மாட்ட முடியாது. ஆனால் போலீஸ் ஒரு வண்டியில் பத்துக் கன்வெர்ட்டரோடு ஒருவனைப் பிடித்தால், அவை திருட்டுப் பொருள் என்று நிரூபிக்க எண் இருந்தால்தான் முடியும். எண் இல்லாததால் பிடித்தவனை விட்டுவிட வேண்டிய நிலை வரும். சேஸிஸ் எண்ணைக் கூட்டில் பொறித்து, சூடு தாங்கும் பளிச்சென்ற நிறத்தில் பெயிண்டும் அடியுங்கள். வாங்குபவனும் தயங்குவான்.

டீசல் வண்டி, எலெக்ட்ரிக் வண்டிக்கும் இந்தத் தொல்லை உண்டா?

முழு எலெக்ட்ரிக் காரில் புகையே இல்லை, கன்வெர்ட்டரும் இல்லை. டீசலில் ஆக்சிஜனேற்றும் கன்வெர்ட்டரும் கரித்துகள் வடிகட்டியும் உண்டு, அவற்றிலும் பிளாட்டினம் உண்டு, அவையும் திருடு போகின்றன. மாட்டும்போது அழுத்தம் பார்க்கும் சென்சாரின் சிறு குழாய்களையும், வெப்பச் சென்சார்களையும் சேர்த்துச் சரிபார்க்கவேண்டும். வடிகட்டி புதிது என்பதை ஸ்கேனர் மூலம் கணினிக்கும் சொல்லவேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸ்ல "சரிசெய்யும் செலவு கார் மதிப்பைத் தொடுது, மொத்த நஷ்டம்"னு சொல்லிட்டாங்க. நல்லா ஓடுற கார். என்ன செய்யறது?

பழைய ஹைபிரிட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, மனம் வலிக்கும்தான். முதலில் அவர்கள் எந்தப் பாகத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். ஒரிஜினலுக்குப் போட்டிருந்தால், அங்கீகாரம் பெற்ற வெளிப் பாகத்துக்கு இன்னொரு மதிப்பீடு வாங்கிக் கொடுங்கள், கணக்கு மாறும். காரின் மதிப்பை எதை வைத்துப் போட்டார்கள் என்றும் கேளுங்கள். அதே மாடல், அதே ஆண்டு, ஏறத்தாழ அதே கிலோமீட்டர் ஓடிய கார்கள் இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் விலைகளைக் காட்டினால் மதிப்பை ஏற்றுவதற்கு வழியுண்டு.

அதற்கும் ஒத்துவரவில்லை என்றால், காரின் மீதி மதிப்பை இழப்பீட்டுத் தொகையில் கழித்துக்கொண்டு காரை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். பல இடங்களில் முடியும். ஆனால் அப்படி வைத்துக்கொண்ட கார், பதிவுப் பத்திரத்தில் மொத்த நஷ்டம் என்று குறிக்கப்படுமா, பிறகு முழுப் பாலிசி கிடைக்குமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.